பெருமீன் தூண்டில் சுற்றுலா: படகும் கடலும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டாரையும், விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்த உறவுகளையும் படகில் ஏற்றிப் பெருமீன் பிடிக்கக் கொண்டுபோகும் தொழிலை வடக்கிலும் தொடங்கினால் என்ன என்ற கதை அடிக்கடி காதில் விழுகிறது. மிரிஸ்ஸ, நீர்கொழும்பு, திருகோணமலை, கற்பிட்டிப் பக்கங்களில் இது ஏற்கெனவே நடக்கிற தொழில். 2019இல் பலாலிக்கு மீண்டும் வெளிநாட்டு விமானம் வந்ததும், 2023இல் காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் ஓடத் தொடங்கியதும் இந்த ஆசையைக் கூட்டியிருக்கின்றன. ஆசை பிழையில்லை. "படகு கிடக்கு, எஞ்சின் கிடக்கு, நாலு றொட் (தூண்டிற்கோல்) வாங்கினால் சரி" என்று நினைப்பதுதான் பிழை. அதைப்பற்றித்தான் எழுதுகிறோம்.

"எங்களுக்குத் தெரியாத அறுக்குளாவோ?" என்று எவரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீன் எங்கே நிற்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஓடலாம் என்பதை வடமராட்சியிலும் தீவகத்திலும் உள்ள கடற்றொழிலாளருக்கு வெளியிலிருந்து வந்து எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் தொழிலுக்குப் போகிறவர் தடித்த தங்கூசியில் (நைலோன் இழையில்) மீனைக் கெதியாய் ஏற்றிப் பெட்டிக்குள் போடப் பார்ப்பார். காசு கட்டி வருகிறவரோ, வேண்டுமென்றே மெல்லிய கயிற்றில், பழக்கமில்லாத கையால், அரை மணித்தியாலம் இழுபறிப்பட்டு, பிறகு அந்த மீனையே உயிரோடு விடப் பார்ப்பார். இந்த இரண்டும் ஒரே வேலை அல்ல. படகோட்டி கற்க வேண்டியதெல்லாம் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

முதலில் கடல். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம். அங்கே சீலா, பாரை, கட்டா, அறுக்குளா தேடலாம். மார்லினும் பெரிய சூரையும் காட்டுகிறோம் என்று விளம்பரம் போட்டால் அது ஏமாற்று. அந்த மீன்களுக்கு வடமராட்சி கிழக்குக்கு வெளியே, வங்கக் கடலின் ஆழத்தை நோக்கி ஓட வேண்டும். மயில்மீன் (செயில்பிஷ்) மட்டும் கரைக்குச் சற்றுக் கிட்டவும் வரும். ஆகவே பருத்தித்துறை, குடாரப்பு, தாளையடிப் பக்கத்துக்கு ஒரு வகைப் பயணம், நெடுந்தீவு, அனலைதீவுப் பக்கத்துக்கு இன்னொரு வகை. தீவகப் பக்கம் போகிறவர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வகுத்த எல்லைக்கோட்டை ஜி.பி.எஸ். கருவியில் பதிந்து, அதற்கு இரண்டு கடல்மைல் முன்னதாகவே மணி அடிக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. மீனோடு மல்லுக்கட்டும்போது படகு எங்கே இழுபடுகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

காற்றில் ஒரு விஷயத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது கிழக்குக் கரை ஓரம் பளிங்கு போல் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் வரும் அமைதி அது. எஞ்சின் நின்றால் அதே காற்று படகை வங்கக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். வெளியே போகப் போக அலையும் வளரும். தொழிலாளி ஒருவர் இதைச் சமாளிப்பார், வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு விருந்தாளிகள் சமாளிக்க மாட்டார்கள். அதனால் 8 அல்லது 15 குதிரைவலுவில் இரண்டாவது எஞ்சின் ஒன்றும், நங்கூரம் எட்டாத ஆழத்தில் படகின் தலையைக் காற்றுக்குத் திருப்பி வைக்கும் துணிக்கூடை நங்கூரம் ஒன்றும் கட்டாயம். மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் புதியவரைக் கொண்டுபோகத் தோதானவை. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் காலம். அந்த மாதங்களில் முற்பணம் வாங்கினால், காசைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கடலுக்கு இறங்கும் சோதனை வரும்.

எஞ்சின் பற்றி. எங்கள் படகுகளில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்த முறை. வலைக்குப் போய்வரும் வேகத்துக்கு அது சரி. பெருமீனுக்கு, படகின் பின்னால் இரையை இழுத்தபடி, மணிக்கணக்காக, மணிக்கு ஐந்தாறு கடல்மைல் வேகத்தில் அரைவாசிச் சூட்டில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. பிளக்கில் கரி படியும், புகை பின்பக்கம் நிற்கிறவரின் முகத்திலேயே அடிக்கும், மீன் கொத்திய நேரம் பார்த்து எஞ்சின் இருமும். தூண்டில் இழுக்கும் நேரம் முழுக்கப் பெற்றோலிலேயே ஓடுங்கள். செலவைக் கட்டணத்தில் சேருங்கள். மாற்றுப் பிளக் இரண்டும் அதைக் கழற்றும் சாவியும் ஈரம் படாத பெட்டியில் இருக்கட்டும். 40 குதிரைவலு இரண்டடிப்பு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 15 முதல் 20 லீற்றர் குடிக்கும். போக மூன்றிலொன்று, வர மூன்றிலொன்று, மிச்சம் கையிருப்பு என்ற கணக்குக்குக் குறைந்து வெளிக்கிடக் கூடாது.

எங்கள் பைபர் படகுகளின் விளிம்பு தாழ்வானது. வலை இழுக்க அது வசதி. றொட்டைப் பிடித்து நிற்கும் புதியவருக்கு அதுவே ஆபத்து. முழங்காலுக்குக் கீழே விளிம்பு தட்டினால் உடம்பு வெளியே சரியும். நிற்கிற இடத்தில் தொடை உயரத்துக்கு ஒரு குழாய்க் கம்பி அடிக்க வேண்டும். பெரிய படகுகளில் உள்ளதுபோலக் கதிரை பொருத்த ஆசைப்பட வேண்டாம். 23 அடிப் படகில் அது பாரத்தை மேலே ஏற்றிப் படகை ஆட்டிவிடும். றொட்டின் அடியைச் செருகும் குழியோடு இடுப்பில் கட்டும் குழிப்பட்டி போதும். றொட் செருகும் குழல்களை பைபரில் திருகாணி போட்டு நிறுத்தினால் முதல் பெரிய மீனோடு குழலும் றொட்டும் சேர்ந்து போகும். விளிம்பின் அடியில் பலகையோ உலோகத் தகடோ வைத்து, ஊடுருவும் போல்ற் போட்டு முடுக்க வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு றீலிலும் (தூண்டில் கயிறு சுற்றிய உருளையிலும்) ஒரு கயிறு கட்டிப் படகோடு பிணைக்க வேண்டும்.

இனிப் பிறேக். றீலில் உள்ள பிறேக்கைத்தான் ட்ராக் என்கிறார்கள். மீன் தப்புவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. கயிறு எத்தனை இறாத்தலுக்கு அறும் என்று போட்டிருக்கிறதோ, அதன் நாலிலொன்றுக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில் பிறேக்கை வைக்க வேண்டும். 50 இறாத்தல் கயிறு என்றால் ஏறக்குறைய 6 முதல் 7 கிலோ. இதைக் கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிட முடியாது. மீன் சந்தையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு ஒன்று எடுங்கள். றொட்டை வளைவோடு பிடித்தபடி, கயிற்று நுனியைத் தராசுக் கொக்கியில் கொழுவி இழுத்து, கயிறு வழுகத் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் பிறேக் நெம்பின் அருகே பெயின்ற்றால் ஒரு புள்ளி. தராசு இல்லையென்றால் 7 லீற்றர் தண்ணீர் நிரப்பிய கலனை இறங்குதுறையிலிருந்து தொங்கவிட்டால் அதுவே 7 கிலோ.

வைத்த பிறேக்கை ஓட்டத்தின் நடுவில் என்ன செய்வது என்பதில்தான் எங்கள் பழக்கம் எங்களுக்கே எதிரி. கயிறு குறையக் குறைய "இறுக்கு, இறுக்கு" என்று படகே கத்தும். செய்ய வேண்டியது நேரெதிர். உருளையில் உள்ள கயிற்றுச் சுற்றின் ஆரம் பாதியானால், பிறேக்கைத் தொடாமலே இழுவை இரண்டு மடங்காகிவிடும். 7 கிலோவுக்கு வைத்தது 14 கிலோ ஆகும். இருநூறு மீற்றர் கயிறு தண்ணீருக்குள் வளைந்து கிடந்தால் அந்தத் தண்ணீரின் தடையும் சேரும். முடிச்சு போட்ட இடம் எப்போதும் கயிற்றின் முழுப் பலத்துக்கு வராது. இதற்கு மேல் இறுக்கினால் அறாமல் என்ன செய்யும்? மீன் ஓடும்போது பிறேக்கைச் சற்றுத் தளர்த்தி, படகைத் திருப்பி மீனின் பின்னால் போய்க் கயிற்றை மீட்க வேண்டும். மீன் களைத்து நேர் கீழே நிற்கும்போதுதான் இறுக்கம்.

கரைக்கு வந்ததும் பிறேக்கை முழுதாகத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி கிடந்தால் உள்ளே வட்டுகள் ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் முதல் கொத்தில் வழுகாமல் துள்ளித் துள்ளி விடும், அந்தத் துள்ளலில் கயிறு அறும். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தீவகத்திலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர், அதில் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான். குழாயை வேகமாக அடித்தால் உப்பு உள்ளே போகும். மெதுவாகத் தெளித்து, துடைத்து, நிழலில் காயவிட வேண்டும்.

கயிற்று நுனியில் கட்டும் தலைக்கயிறு மீனுக்கு மீன் மாறும். அறுக்குளாவுக்கும் சீலாவுக்கும் பல்லுக்குத் தாக்குப்பிடிக்கும் ஒற்றைக் கம்பி தேவை. 5ஆம் இலக்கத்திலிருந்து 7ஆம் இலக்கம் வரையான துருப்பிடிக்காத கம்பி, ஒரு முழ நீளம் போதும். கொழுவும் இடத்தில் கம்பியின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சரிசமமாகத் தழுவும்படி நாலைந்து முறுக்கு, அதற்குப் பிறகே வால்பக்கத்தை நெருக்கமாக ஐந்தாறு சுற்று. முதல் முறுக்கைச் சரியாகப் போடாமல், நேராக நிற்கும் கம்பியின்மேல் மற்றதைச் சுற்றிவிடுகிறவர்கள் அதிகம். இழுவை வந்ததும் அது உருவிக்கொண்டு போகும். மிச்ச நுனியைக் குறட்டால் வெட்டாதீர்கள். அதைக் கைப்பிடிபோல் மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் முறுக்கோடு ஒட்டி முறியும். வெட்டிய நுனி ஊசிபோல் நிற்கும், மீனை ஏற்றுகிறவரின் உள்ளங்கையைக் கிழிக்கும். கம்பியில் ஒரு சிறு மடிப்பு விழுந்தாலும் எறிந்துவிட வேண்டும், நிமிர்த்திய கம்பி அந்த இடத்திலேயே முறியும். பளபளக்கும் சுவிவல் (கயிறு முறுகாமல் சுழலும் இணைப்பு) கட்டினால் அறுக்குளா இரையை விட்டுவிட்டுச் சுவிவலைக் கடித்துக் கயிற்றை அறுக்கும். சின்னதாய், கறுப்பாய் இருக்கட்டும். அறுக்குளா இரையின் வாலைத்தான் முதலில் கடிக்கும் என்பதால் முரல், சூடை போட்டால் பின்பக்கம் இரண்டாவது தூண்டில் ஒன்று தொங்க வேண்டும்.

மயில்மீனுக்குக் கம்பி வேண்டாம். 80 முதல் 100 இறாத்தல் தங்கூசி இரண்டு, மூன்று மீற்றர். அதன் கொம்பு உரசுவதுதான் பிரச்சினை. அதற்குத் தடிப்பு வேண்டும், பல்லுக்கான காவல் தேவையில்லை. பாருக்குமேல் (கடலடிக் கற்களுக்குமேல்) பாரை தேடும்போது கணக்கே வேறு. 80 இறாத்தலுக்குக் குறையாத பின்னல் கயிறு, 130 இறாத்தலுக்கு மேலான தலைக்கயிறு, பத்துக் கிலோவுக்குக் குறையாத பிறேக். கொத்தியதும் பாரை கல்லுக்குள் ஓடும், முதல் பத்து விநாடியில் தடுக்காவிட்டால் கயிறு கல்லில் அறும். அங்கே றொட் பிடிப்பவரைவிட ஓட்டியின் கைதான் முக்கியம். எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்து, கொத்திய கணமே படகை ஆழத்துப் பக்கம் இழுத்துவிட வேண்டும். பின்னல் கயிற்றை வெறும் கையால் ஒருவரும் தொடக் கூடாது, விரலை எலும்பு வரை வெட்டும்.

இழுக்கும் வேகம்: உதடு வைத்த பிளாஸ்ரிக் மீன்களுக்கு 4 முதல் 6 கடல்மைல், இழைகளால் பாவாடை கட்டிய செயற்கை இரைகளுக்கு 6 முதல் 8, உயிர் இரைக்கு 2. நீரோட்டம் உள்ள இடத்தில் ஜி.பி.எஸ். காட்டுவது தரைவேகம், இரைக்குத் தெரிவது தண்ணீர்வேகம். ஆகவே இரையைப் பாருங்கள். மேலே வந்து மூச்சு வாங்கி, குமிழி வால் விட்டு, மறுபடி மூழ்கினால் வேகம் சரி. தாவித் தாவி வந்தால் கூடிவிட்டது. 23 அடிப் படகில் மூன்று கயிறு போதும். ஐந்து போட்டு முதல் திருப்பத்திலேயே எல்லாம் சிக்குப்பட்டால் காலை முழுக்க அதை அவிழ்ப்பதில் போய்விடும். தீவகக் கடலில் சாதாளை (கடற்புல்) மிதக்கும் நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை எடுத்துப் பார்க்க வேண்டும். இலை ஒன்று தொங்கும் தூண்டிலை எந்த மீனும் தொடாது.

கொத்தியதும் படகை நிறுத்துவது தொழிலாளியின் கை தன்பாட்டில் செய்யும் வேலை. நிறுத்தாதீர்கள். சில விநாடி அதே வேகத்தில் ஓடினால்தான் முள் இறங்கும், கயிறு தொய்யாது. பிறகு மெதுவாக்கி மற்றக் கயிறுகளை உள்ளே எடுங்கள். மயில்மீனுக்கு வட்டத் தூண்டிலில் இரை போட்டிருந்தால் முறை மாறும். பிறேக்கை விட்டு, ஐந்து எண்ணி, நெம்பை மெல்ல ஏற்ற வேண்டும். வெட்டி இழுத்தால் தூண்டில் வாயிலிருந்து சும்மா வெளியே வரும். மெதுவாக இறுக்கினால் அது தானாகத் திரும்பித் தாடைச் சந்தியில் மாட்டும். முள் நுனி ஒரு பக்கம் சரியாமல் நேராக உள்ள வகையே வாங்குங்கள். சரிந்தது தொண்டைக்குள் மாட்டும், அப்படி விட்ட மீன் பிழைப்பது அரிது.

இன்னொன்று: விருந்தாளி தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் றொட்டைப் பறித்துத் தாங்களே இழுக்கும் நல்ல மனம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் கொத்திய பிறகு இன்னொருவர் றொட்டையோ கயிற்றையோ தொட்டாலே அந்த மீன் பதிவுக்கு எடுபடாது. தலைக்கயிறு கைக்கு எட்டிய பிறகு அதை மட்டும் பிடிக்கலாம். தலைக்கயிற்றின் நீளத்துக்கும் கணக்குண்டு: 20 இறாத்தல் வரையான கயிற்றுக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி. அனுபவமுள்ள விருந்தாளி முதல் பத்து நிமிடத்தில் இதைத்தான் கவனிப்பார். படகோட்டிக்குத் தெரியவில்லை என்றால் மறுமுறை வர மாட்டார்.

தலைக்கயிற்றைப் பிடிக்கிறவரின் வேலை படகிலேயே ஆபத்தானது. தடித்த கையுறை போட்டு, கயிறு நினைத்தவுடன் வழுகி விடும்படி பிடிக்க வேண்டும். கையைச் சுற்றிப் பூட்டக் கூடாது. உள்ளே எடுத்த கயிறு காலடியில் வளையமாய்க் கிடக்கக் கூடாது, மறுபடி கடலுக்குள்ளேயே விழ வேண்டும். மீன் திடீரென்று ஓடினால் வளையத்துக்குள் நிற்கிறவரும் சேர்ந்தே போவார். மயில்மீனைப் படகுக்குள் ஏற்றிப் படம் எடுப்பதை நிறுத்த வேண்டும். கையுறையோடு கொம்பைப் பிடித்து, தலை தண்ணீருக்குள் இருக்க, படகை இரண்டு கடல்மைல் வேகத்தில் முன்னே ஓட்டினால் செவுளூடாகத் தண்ணீர் போகும். நிறம் திரும்பி, வால் அடிக்கத் தொடங்கியதும் விடலாம். முள் ஆழமாய் இறங்கியிருந்தால் தோண்டாமல் கயிற்றை வாய்க்குக் கிட்ட வெட்டுங்கள். முள்ளின் செதிளை (பின்பக்கம் நோக்கி நிற்கும் சிறு கூரை) முன்கூட்டியே குறட்டால் நசுக்கி வைத்தால் மீனுக்கும் நல்லது, மனிதக் கையில் ஏறினாலும் நல்லது. பெரிய தூண்டிலை வெட்டக்கூடிய போல்ற் வெட்டி ஒன்று மருந்துப் பெட்டியோடு இருக்கட்டும்.

சட்டம் சிலது தெரிந்திருக்க வேண்டும். நீண்ட வாலுள்ள திரெஷர் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் இலங்கையில் தடை. இலங்கை உறுப்பினராக உள்ள இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் 18/05 தீர்மானம், கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவை வரை 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மார்லினையும் மயில்மீனையும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. படகின் பதிவும் காப்புறுதியும் எதற்கென்று எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் வாசியுங்கள். மீன் ஏற்றப் பதிந்த படகில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் குடும்பமே கடனாளியாகும். ஆளுக்கொரு அளவான உயிர்காப்பு அங்கி, 16ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய வி.எச்.எப். கருவி, ஆளுக்கு மூன்று லீற்றர் குடிதண்ணீர் என்பவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

வைத்துக்கொள்ளும் மீன் யாருக்கு? இதை ஏறுமுன் எழுதிக்கொள்ளுங்கள். விருந்தாளி தான் பிடித்தது தனக்கு என்று நினைப்பார், படகோட்டி அது வழமைப்படி படகுக்கு என்று நினைப்பார். இறங்குதுறையில் சண்டை வரும். எவர் எடுத்தாலும் ஐஸ் குறையக் கூடாது. சூரை, அறுக்குளா வெயிலில் கிடந்தால் உண்டாகும் நஞ்சு சமைத்தாலும் போகாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், கொஞ்சம் கடல்நீர் கலந்து குழம்பாக. கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் படகுக்கு இவ்வளவு என்று வையுங்கள். தலைக்கணக்கு வைத்தால் மூன்று பேருக்கு இடமுள்ள படகில் ஆறு பேர் ஏறுவார்கள்.

கடைசியாக வலைகள். இந்திய இழுவைப் படகுகளால் வலை இழந்து களைத்த கடற்றொழிலாளரின், கடலில் மிதக்கவிடும் வழிச்சல் வலையைச் சுற்றுலாப் படகின் தூண்டிலும் கிழித்தால், இந்தத் தொழில் ஒரு பருவம்கூடத் தாங்காது. மாலையில் விடும் வலை விடியலில்தான் ஏறும். ஆகவே தூண்டில் இழுப்பது வலைகள் ஏறிய பிறகே தொடங்க வேண்டும். அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், எந்தப் பக்கம் எத்தனை படகு வலை விடுகிறது என்பதை முதல்நாள் மாலை சுற்றுலாப் படகுகளுக்கு அறிவிக்க ஓர் ஒழுங்கு செய்யலாம். பதிலுக்கு, ஒவ்வொரு பயணக் கட்டணத்திலும் ஒரு பங்கு சங்கத்துக்குப் போக வேண்டும். சிக்கிய வலைக்கு அதிலிருந்து அன்றே காசு கொடுக்க வேண்டும். அந்தச் சங்கங்களின் சமாசங்கள் முதலில் இதைப் பேசித் தீர்த்து எழுத்தில் வைக்கட்டும். றொட்டும் றீலும் வாங்குவது அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
கடற்றொழிலிலும் படகோட்டத்திலும் உள்ள சிலர்,
வடமராட்சி.